குதிரை மசால்

சிதறாலில் எங்களுக்கு ஐம்பது சென்ட் ரப்பர் இருக்கிறது. ரப்பர் விலை விழும்போதெல்லாம், மரத்தை வெட்டிவிட்டு வேறு என்ன நடலாம் என்று நானும் அப்பாவும் போனில் பேசுவோம். போன மாதம் நான் சொன்னது குதிரை மசால், அதாவது அல்ஃபால்ஃபா. அமெரிக்காவில் நிலத்துக்காரர்கள் இதை விதைத்து மான்களை வரவழைக்கிறார்கள். பிறகு வேட்டைக்காரர்களுக்கு சீசன் குத்தகை விட்டுச் சம்பாதிக்கிறார்கள்.

அப்பா சிரித்தார். "மானு வந்தா பின்னாலயே ஃபாரஸ்ட்காரனும் வருவான் மக்களே. புல்லு போட்டா பசுவுக்குப் போடு."

அவர் சொன்னது சரி. 1972 வனவிலங்குச் சட்டத்தில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடியது. அமெரிக்காவிலும் காட்டுமான் நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை. அவர் விற்பது நிலத்துக்குள் வரும் அனுமதியைத்தான்.

ஆனால் அந்தப் பெயர் என்னை விடவில்லை. அல்ஃபால்ஃபா என்ற சொல் அரபி வழியாக ஸ்பானிஷுக்குப் போனது. அதன் வேர் பழைய பாரசீகச் சொல், பொருள் 'குதிரைத் தீவனம்'. தமிழ்ப் பெயரிலும் அதே குதிரை! கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சாங் சியென் மத்திய ஆசியாவுக்குப் போய்வந்த பிறகு, ஹான் பேரரசின் தூதர்கள் ஃபெர்கானா குதிரைகளோடு இதன் விதையையும் சீனாவுக்குக் கொண்டுவந்தார்கள். பேரரசர் வூ அரண்மனைக்குப் பக்கத்திலேயே விதைக்கவைத்தார். குதிரையை வாங்கியவர்கள் அதன் சாப்பாட்டையும் சேர்த்தே வாங்கினார்கள்.

நம்ம பாண்டியர் கதை வேறு. 1290களில் இங்கே வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். சோறும் வேகவைத்த இறைச்சியும் போடுகிறார்களாம், பராமரிக்கத் தெரிந்தவர்களும் இல்லையாம். கணக்கைக் கொஞ்சம் ஊதியிருக்கலாம். ஆனாலும் கப்பலில் குதிரை வந்த அளவுக்கு அதை வளர்க்கும் அறிவு வரவில்லை என்பது புரிகிறது.

நானும் அதே தப்பைத்தான் செய்யப் பார்த்தேன். ஒரு ஊரின் பயிரை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அந்த ஊரின் மண்ணையும் சட்டத்தையும் விட்டுவிட்டேன். கொங்குப் பக்கம் கறவை மாட்டுக்கு இதை வளர்க்கிறார்கள். எங்கள் புளித்த செம்மண்ணும் இரண்டு பருவமழையும் இதற்கு ஆகாது. போதாக்குறைக்கு எங்கள் மலைமேல் தீர்த்தங்கரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறார்கள். கொல்லாமை பேசியவர்களின் மலையடியில் நான் வேட்டைக் குத்தகைக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இந்த மழைக்கு, ஓரமாகப் பத்து சென்டில் கம்பு நேப்பியர் வைக்கிறோம். பசு, அப்பாவின் பொறுப்பு.