தண்ணீர் எங்கே போச்சு?

1888-ம் வருஷம், ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஒரு விடியற்காலை. பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவர் கண்டுபிடித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்! கூடவே இரண்டு மகன்கள். போக வேண்டியது போர்ட்ஸ்ஹைம். வேறெங்கே, அம்மா வீட்டுக்குத்தான். தூரம் நூறு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். அதுவரை மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனவர்கள் யாரும் இல்லை.

வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் அவர் எரிபொருள் வாங்கிய கதை பிரசித்தம். ஆனால், அந்தப் பயணத்தில் வண்டி இன்னொன்றுக்கும் ஓயாமல் வாயைத் திறந்துகொண்டே இருந்தது. தண்ணீர்! சத்திரம், ஓடை என்று எங்கே தண்ணீர் கண்ணில் பட்டாலும் நிறுத்தி ஊற்ற வேண்டியிருந்தது.

காரணம் எளிது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். சூடேறினால் கொதித்து ஆவியாகும், போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நம்ம மண்பானைத் தத்துவம்தான். அந்தக் கார் தண்ணீர் குடித்தது வியாதியல்ல, அதன் சுபாவம்.

பிறகு வந்த இன்ஜினீயர்கள் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டது ஒரே விஷயத்துக்காக. சூடு வெளியே போகணும், தண்ணீர் உள்ளேயே இருக்கணும்! அதற்காக ஒவ்வொருவரும் ஒரு பாகத்தைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2014-ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாஸடரோ வேறு ஏதாவது பழைய காரோ உங்களிடம் இருந்து, அது சூடாகித் தண்ணீரும் குறைகிறதென்றால், இந்தப் பாகங்களில் ஏதோ ஒன்று படுத்துவிட்டது என்று அர்த்தம். எது? சரித்திரத்தின் வரிசையிலேயே தேடிப் பார்க்கலாம்.

முதலில் ரேடியேட்டர். 1900-ல் டைம்லர் கம்பெனியின் வில்ஹெல்ம் மேபாக், எமில் யெல்லினெக் என்ற பணக்கார வாடிக்கையாளருக்காக ஒரு கார் செய்தார். யெல்லினெக்கின் செல்ல மகள் பெயர் மெர்சிடிஸ். காருக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். அதன் முகப்பில் இருந்தது தேன்கூடு ரேடியேட்டர். 8,070 சின்னஞ்சிறு சதுரக் குழாய்கள், ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர்! குழாய்க்குள் காற்று, இடுக்குகளில் தண்ணீர். பின்னால் ஒரு ஃபேன்.

பழைய ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே காறை படிந்திருக்கும். வெளியே சேறும் பூச்சியும் அடைத்திருக்கும். ஒரு சுலபமான கணக்கு உண்டு. டிராஃபிக்கில் நிற்கும்போது சூடாகி, ஹைவேயில் ஓடும்போது சரியாகிவிட்டால், முதலில் ஃபேனையும் பெல்ட்டையும் பாருங்கள். காற்று பற்றவில்லை. வேகமாக ஓட்டும்போதுதான் சூடாகிறதென்றால் ரேடியேட்டர் அடைப்பு, இல்லாவிட்டால் பம்ப் மீது சந்தேகப்படலாம்.

ஆமாம், பம்ப். 1908-ல் வந்த ஃபோர்டின் ‘மாடல் டி’ காரில் முதல் சில ஆயிரம் வண்டிகளுக்குப் பிறகு வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும் என்று இயற்கையிடமே விட்டுவிட்டார்கள். இன்ஜின்களுக்கு பலம் கூடக்கூட அது போதாமல் பம்ப் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. பல பம்ப்புகளின் அடியில் பொடி ஓட்டை ஒன்று இருக்கும். அதிலிருந்து சொட்டினால் உள்ளே சீல் போச்சு என்று பம்ப் சொல்கிறது. சிலர் அந்த ஓட்டையைப் பசை வைத்து அடைப்பார்கள். குழந்தை அழுதால் வாயைப் பொத்துகிற மாதிரி!

அடுத்தது தெர்மோஸ்டாட். 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் மெழுகு வைத்து ஒரு வால்வு செய்தார். இன்ஜின் சூடானதும் மெழுகு உருகிப் பருத்து வழியைத் திறந்துவிடும். இது மூடியபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும், மேல் ஹோஸ் மட்டும் ஆறிக் கிடக்கும். கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சுடவையுங்கள். 80 டிகிரிக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பித்தால் நல்லது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்று மெக்கானிக் தூக்கிப் போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்ஜின் தன் சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோலும் அதிகம், தேய்மானமும் அதிகம்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. இது பிரஷர் குக்கர் தத்துவம். உள்ளே 15 பவுண்டு அழுத்தம் இருந்தால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. குளிர் தேசத்தில் உறையாமலிருக்க 1920-களில் வந்த எத்திலீன் கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூடும். அதோடு சேர்ந்து வரும் மருந்துகள் துருவையும் தடுக்கும். (கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகள் பக்கம் வேண்டாம்.) மூடியின் ரப்பரோ ஸ்பிரிங்கோ போனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து, ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சத்தமில்லாமல் வெளியேறும். தரையில் ஒழுக்கு தெரியாது. மலிவான சாமான், கடைசியில்தான் எல்லோரும் பார்ப்பார்கள்!

குக்கர் என்றால் குக்கர் மரியாதை வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும், உள்ளே இருப்பது அத்தனையும் பொங்கி முகத்துக்கு வரும். வெந்துபோன முகத்துக்கு எந்த ஒர்க்ஷாப்பிலும் ஸ்பேர் கிடைக்காது. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இரும்பே விரிசல் விடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைகிறதா? கவலைப்பட வேண்டிய இடம் ஹெட் காஸ்கெட். இன்ஜினின் உடம்புக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு. அது போனால் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்து புகையாகப் போய்விடும். வண்டி சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் விடாத குமிழ்கள், ஆயில் பால் விட்ட காபி நிறம். ஒன்று தெரிந்தாலும் ஓட்டாதீர்கள். தெரிந்தே ஓட்டினால் ஹெட் வளையும், பேரிங் போகும். காஸ்கெட் செலவோடு முடிய வேண்டியது முழு இன்ஜின் வேலையில் போய் நிற்கும்.

தினமும் காலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு நிம்மதியாகக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். பெர்த்தாவின் காருக்கு அது சாப்பாடு. உங்கள் காருக்கு அது வலி மாத்திரை. டாஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதை மெக்கானிக்கிடம் நீட்டினால், அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வார்.