பிக்கப் வண்டியில் இசை ஏறிய வரலாறு

உழைக்கும் மனிதன் எந்நாட்டிலும் பாட்டைத் துணையாகக் கொண்டே வாழ்ந்து வந்திருக்கிறான். ஏர் பிடித்தவனும் படகு வலித்தவனும் தன் வாயாலேயே தனக்கு இசை அமைத்துக் கொண்டான். எந்திரம் வந்த பின்னர் அந்நிலை மாறியது. வண்டியின் சக்கரத்தைப் பற்றி அமர்ந்தவனின் குரலை எஞ்சினின் இரைச்சல் விழுங்கியது. இழந்த இசையை மற்றோர் எந்திரத்தின் வழியே அவன் மீட்க வேண்டியதாயிற்று. அமெரிக்க நாட்டில் பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டியில் வானொலியும் ஒலிபெருக்கியும் ஏறிய வரலாறு அம்மீட்சியின் வரலாறே எனலாம். அவ்வரலாற்றில் தொழிற்சாலை கொடுத்தது ஒரு பாதி. உரிமையாளன் தன் கையாலும் அறிவாலும் சேர்த்துக் கொண்டது மறு பாதி.

வேலைக்கென்று பிறந்த வண்டி

முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த சரக்குத் தட்டு என்னும் அமைப்பே பிக்கப் வண்டியாகும். 1925ஆம் ஆண்டில் ஃபோர்ட் நிறுவனம் தனது டி மாதிரி வண்டியைச் சரக்குத் தட்டுடன் தொழிற்சாலையிலேயே பொருத்தி 281 டாலருக்கு விற்றது. உழவரும் தச்சரும் சிறு வணிகரும் அதனை வாங்கினர். மூட்டை சுமப்பதும் சேற்றில் செல்வதுமே அதன் கடமை என்று கருதப்பட்டது. உள்ளே அமர்பவனின் சுகத்தைப் பற்றி எவரும் பெரிதாக எண்ணவில்லை.

பயணிகள் வண்டிகளின் நிலை வேறாக இருந்தது. சிகாகோ நகரில் பால் கால்வின் நடத்திய நிறுவனம் 1930இல் மோட்டரோலா என்னும் பெயரில் கார் வானொலி ஒன்றை வெளியிட்டது. அதன் விலை 110 முதல் 130 டாலர் வரை இருந்தது. ஒரு புதிய ஃபோர்ட் வண்டியே ஏறத்தாழ 500 டாலருக்குக் கிடைத்த காலம் அது. வசதி படைத்தவரின் வண்டியில் பாட்டு ஒலித்தது. பாரம் சுமந்த வண்டியில் எஞ்சின் மட்டுமே ஒலித்தது. செவ்ரோலெட் நிறுவனம் 1947இல் வெளியிட்ட புதிய சரக்கு வண்டிகளில்தான், கூடுதல் விலை கொடுப்போருக்கு முகப்புப் பலகையிலேயே வானொலி பொருத்தித் தரும் ஏற்பாடு வந்தது.

இரைச்சலோடு நடந்த போர்

வண்டிக்குள் வானொலியை வைப்பது வீட்டு வானொலியைத் தூக்கிச் சென்று வைப்பது போன்றதன்று. ஜெர்மானிய அறிஞர் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் மின்பொறியைக் கொண்டே வானொலி அலைகள் உண்டென்று மெய்ப்பித்தார். வண்டியின் எஞ்சினிலோ, எரிபொருளைக் கொளுத்தும் மின்பொறி ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கான முறை எழுகிறது. ஆகவே ஓடும் எஞ்சின் தானே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமாகி, பாட்டின் மீது படபடவென்ற ஓசையைக் கொட்டியது. ஸ்பார்க் பிளக் கம்பிகளில் மின்தடையைச் சேர்த்தும், மின்னாக்கியில் மின்தேக்கியை இணைத்தும், கம்பிகளுக்கு உலோக உறை இட்டும் அக்கால வினைஞர்கள் அதனை அடக்கினர்.

மின்சாரம் இரண்டாவது இடர்ப்பாடு. அந்நாளைய வண்டி மின்கலம் தந்தது 6 வோல்ட் மட்டுமே. வானொலியின் வெற்றிடக் குழாய்களோ 200 வோல்ட் அளவு மின்னழுத்தத்தை வேண்டின. தொடக்கத்தில் இதற்கெனத் தனி மின்கலங்களை வண்டியின் தரைக்கடியில் வைத்தனர். பின்னர், ஒரு நொடியில் நூறு முறைக்கு மேல் அதிர்ந்து மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும் அதிர்வி என்னும் கருவி வந்தது. வெட்டப்பட்ட மின்னோட்டம் மின்மாற்றியின் வழியே உயர் அழுத்தம் பெற்றது.

எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. ஓட்டுநரின் கவனத்தை வானொலி கலைக்கும் என்று கூறி, அதனைத் தடை செய்யும் சட்டங்கள் 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயிண்ட் லூயிஸ் நகரிலும் முன்மொழியப்பட்டன. ஆயினும் இசை வென்றது.

தன் பாட்டைத் தானே தேர்ந்தவன்

1947ஆம் ஆண்டின் இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது உயர் மின்னழுத்தத்தை வேண்டவில்லை, சூடேறக் காத்திருக்கவில்லை, குலுக்கலுக்கும் அஞ்சவில்லை. முழுவதும் டிரான்சிஸ்டரால் இயங்கும் கார் வானொலியை ஃபில்கோ நிறுவனம் உருவாக்க, கிரைஸ்லர் நிறுவனம் 1955இல் அறிவித்தது. அதன் விலை 150 டாலர். அதுவும் முதலில் உயர்விலைக் கார்களுக்கே சென்றது. விலை இறங்கிய பின்னரே சரக்கு வண்டிகளை எட்டியது.

எனினும் வானொலி நிலையம் விரும்பியதையே ஓட்டுநர் கேட்க வேண்டியிருந்தது. தான் விரும்பியதைக் கேட்கும் உரிமைக்கு வேறு வழி தேடப்பட்டது. 1956ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் கிரைஸ்லர் நிறுவனம் இசைத்தட்டுக் கருவியையே வைத்துப் பார்த்தது, அம்முயற்சி நிலைக்கவில்லை. 1964இல் வில்லியம் லியர் எட்டுத்தட ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தினார். ஃபோர்ட் நிறுவனம் 1966ஆம் ஆண்டு மாதிரிகளில் அதனை ஏற்றது. நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட சிறிய கேசட், காலப்போக்கில் அதனையும் வென்றது.

இங்கேதான் உரிமையாளனின் கை முன்னே வருகிறது. 1961இல் அமெரிக்காவில் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அனுமதி கிடைத்தது. ஸ்டீரியோ என்பது இடப்புற ஒலியும் வலப்புற ஒலியும் தனித்தனியே வருவது. பழைய பிக்கப் வண்டியின் முகப்புப் பலகையிலோ ஒரே ஒரு சிறு ஒலிபெருக்கிதான் இருந்தது. எனவே கதவின் உட்பலகையை அளந்து வெட்டி, இருபுறமும் ஒலிபெருக்கி பொருத்தும் வேலையை உரிமையாளர்கள் தாமே மேற்கொண்டனர். ஒலிநாடாக் கருவியை முகப்புப் பலகையின் கீழே தொங்கவிட்டனர். பிற்காலத்தில் ஜெர்மானியத் தரநிலை ஒன்று, கார் வானொலியின் முகப்புக்கு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என அளவு வகுத்தது. உலகின் பெரும்பாலான நிறுவனங்கள் அதனை ஒட்டியே கருவிகளைச் செய்தன. ஒரு நிறுவனத்தின் வண்டியில் மற்றொரு நிறுவனத்தின் கருவியை ஒரு பிற்பகலுக்குள் மாற்றும் எளிமை இதனால் வாய்த்தது.

வாட் என்னும் மயக்கம்

மாற்ற முனைந்தவர்களை முதலில் மயக்கியது பெட்டியின் மீது அச்சிட்ட வாட் என்னும் எண்ணாகும். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். அதனைக் கொண்டு 4 ஓம் ஒலிபெருக்கியை நேரடியாக இயக்கினால், கணக்கின்படி 26 வாட்டுக்கு மேல் தூய ஒலி பெற இயலாது. கருவிக்குள் ஏற்படும் இழப்பைக் கழித்தால் எஞ்சுவது அதனினும் குறைவே. 50 வாட் என்ற விளம்பரம் ஒரு கணத்தின் உச்சத்தைக் குறிப்பதேயன்றித் தொடர்ந்து கிடைக்கும் ஆற்றலைக் குறிப்பதன்று. வாட் அளவை ஒரே முறையில் அளந்து கூறும் பொதுத் தரநிலை அமெரிக்க மின்னணுத் துறையில் 2003இல்தான் வந்தது.

மிகுதியான ஆற்றல் வேண்டின், மின்னழுத்தத்தை உள்ளேயே உயர்த்திக் கொள்ளும் தனி ஆம்பிளிஃபயர் வேண்டும். அதற்கு மின்கலத்திலிருந்து தடித்த கம்பியை நேராக இழுக்க வேண்டும். அக்கம்பியில் மின்கலத்தின் அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இதனை மறந்தால், உராய்ந்து உரிந்த கம்பி வண்டியின் உடலைத் தொடும்போது தீப்பற்றக் கூடும்.

ஆற்றலைக் காட்டிலும் அறிவே பெரிது என்பதற்கும் இங்குச் சான்றுண்டு. ஆற்றலை இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். காதுக்கு இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஒரே ஆற்றலில் 3 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் நல்ல ஒலிபெருக்கி ஒன்றைத் தேர்ந்தவன், ஆம்பிளிஃபயரை இரட்டித்தவனுக்குச் சமமான பயனை அடைகிறான்.

சிறிய அறையும் பெரிய ஒலியும்

பிக்கப் வண்டியின் தனிச் சிக்கல் இடமின்மையாகும். காரில் பின்புறப் பெட்டி உண்டு. பிக்கப்பில் இருக்கைக்குப் பின்னே சுவர்தான் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் அச்சிறு இடத்தையும் எரிபொருள் கலமே அடைத்துக் கொண்டிருந்தது. 1973ஆம் ஆண்டு மாதிரியில் செவ்ரோலெட் நிறுவனம் அக்கலத்தை அறையிலிருந்து அகற்றி வெளியே சட்டத்தின் பக்கத்தில் வைத்தது. பாதுகாப்பைப் பற்றிய வாதங்கள் அம்மாற்றத்தையும் விடவில்லை; ஆனால் ஒலிப்பெட்டிக்கு ஓர் இடம் பிறந்தது.

அவ்விடத்தில் எத்துணைப் பெரிய பெட்டியை வைப்பது? ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வும், சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ரிச்சர்டு ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரைகளும் இதற்கு விடை தந்தன. ஒலிபெருக்கியின் சில அளவுகளை அறிந்தால், அதற்கேற்ற பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிட்டே கூறிவிடலாம். ஊகித்து மரம் அறுத்த காலம் அத்துடன் மறைந்தது.

சிறுமையிலும் ஒரு நன்மை உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஆழ்ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இரண்டு மீட்டரைக் கூட எட்டாத அறைக்குள் அவ்வலை விரிய இடமின்றி, அறையின் காற்று முழுவதையும் ஒருங்கே அழுத்துகிறது. அதனால் பெரிய கூடத்தில் வேண்டிய முயற்சி இங்கே வேண்டுவதில்லை. கதவில் உள்ள துளைகளை அடைத்துத் தகட்டின் மீது அதிர்வு தணிக்கும் ரப்பர் ஒட்டினால், ஒலிபெருக்கியின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியோடு மோதி அழிவது குறையும். சிறு செலவில் பெரும் பயன் தருவது இம்முறையேயாகும்.

ஓட்டுநர் நடுவில் அமர்வதில்லை. இடக்கதவின் அருகே அமர்கிறார். ஒலி ஒரு மில்லி நொடியில் 34 சென்டிமீட்டர் செல்லும். வலக்கதவு 70 சென்டிமீட்டர் கூடுதல் தொலைவில் இருப்பின், அங்கிருந்து வரும் ஒலி 2 மில்லி நொடி பிந்துகிறது. பாடகர் இடக்கதவுக்குள் நின்று பாடுவது போலத் தோன்றுகிறது. அண்மையில் உள்ள ஒலிபெருக்கியை அதே அளவு தாமதிக்கச் செய்யும் டிஜிட்டல் கருவி வந்த பின், பாடகர் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றார்.

அளவும் அறமும்

1980களில் கலிஃபோர்னியாவின் இளைஞர் சிலர், சிறிய பிக்கப் வண்டியின் சரக்குத் தட்டையே ஒலிபெருக்கிகளால் நிரப்பினர். உழைப்பாளியின் துணையாக வந்த இசை தெருவுக்கே தொல்லையாயிற்று. 50 அடித் தொலைவில் கேட்கும்படி வண்டியில் ஒலி எழுப்பலாகாது என அம்மாநிலச் சட்டம் விதித்துள்ளது. அண்டை வீட்டாரின் அமைதியோடு, ஒலி எழுப்புவோரின் காதும் இதில் அடங்கும். பணியிடத்தில் 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கப் பணிநலக் கழகத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் எஞ்சுவது 15 நிமிடமே.

மூடப்படும் கதவு

காலம் இன்று வேறொரு திருப்பத்தில் நிற்கிறது. பாட்டு வேண்டாத வண்டி என ஒதுக்கப்பட்ட பிக்கப்பில், 2019ஆம் ஆண்டு மாதிரியான ராம் 1500 வண்டி விருப்பத் தேர்வாக 19 ஒலிபெருக்கிகளையும் 900 வாட் ஆற்றலையும் ஏந்தி வந்தது. ஆனால் ஒலிக்கருவி தனிக் கருவியாக இருப்பது குறைந்துவிட்டது. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கணினித் தொடர்பு முறையால் வண்டியின் உறுப்புகள் ஒன்றோடொன்று பேசிக் கொள்கின்றன. அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய வண்டிகளில் பின்புறத்தைக் காட்டும் கேமரா கட்டாயம். அதன் படம் தோன்றும் திரையே பாட்டையும் நடத்துகிறது. ஆகவே கருவியைக் கழற்றுவது, வண்டியின் கண்ணையும் நரம்பையும் தொடுவதாகிறது. முன்பு நான்கு திருகாணிகளில் முடிந்த வேலைக்கு, இன்று வண்டியின் மொழியை மொழிபெயர்க்கும் இடைக்கருவிகள் தேவைப்படுகின்றன.

கேட்பவர் கருத்தின்றிச் செய்யப்படும் மாற்றம் நிலைக்காது என்பதற்கு அண்மைச் சான்றொன்று உண்டு. 2024ஆம் ஆண்டு மாதிரிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து ஏ.எம். வானொலியை நீக்க முடிவு செய்திருந்த ஃபோர்ட் நிறுவனம், 2023 மே மாதத்தில் அம்முடிவைக் கைவிட்டது. பேரிடர் அறிவிப்புக்கு அவ்வானொலி வேண்டும் என மக்கள் பேராளர் வலியுறுத்தினர். வானிலையையும் விளைபொருள் விலையையும் அதன் வழியே அறியும் உழவருக்கு அது பழம்பொருளன்று, அன்றாடக் கருவி.

ஒரு நூற்றாண்டுக்குள் பிக்கப் வண்டியின் ஒலி அடைந்த வளர்ச்சி வியக்கத்தக்கது. ஆயினும் அதன் ஒவ்வொரு படியிலும் குறைகண்டு, காரணம் தேடி, கருவி எடுத்துத் திருத்திய ஒருவன் நின்றிருக்கிறான். தான் உழைக்கும் கருவியைத் தானே அறிந்து செம்மை செய்யும் உரிமை அவனுடையது. இசையின் இனிமை அவனுக்குக் கிடைத்த பரிசு. அறிவின் பெருக்கம் உலகுக்குக் கிடைத்த பயன். கதவுகள் மூடப்படும் காலத்தில் அவ்வுரிமையைக் காப்பதும் அவ்வறிவை வளர்ப்பதும், இசையைக் காப்பதற்கு ஈடான கடமைகளாகும்.