பிழை அறிந்த கடிகாரம்

நாளொன்றை ஐந்து தொழுகை வேளைகளோடு பிணைத்துக் கொண்ட சமுதாயம் நம்முடையது. ஆகவே காலத்தை அளப்பது எவ்வாறு என்னும் வினா நமக்குப் புதியதன்று. கீழ்வானின் வெள்ளைக் கீற்று, உச்சி சாய்தல், நிழலின் நீளம், கதிரவன் மறைவு, அந்திச் செவ்வானம் அகலுதல் ஆகிய அடையாளங்கள் யாவும் வானத்திலேயே எழுதப்பட்டவை. இன்றோ பள்ளிவாசல் சுவரில் ஒளிரும் எண்களைப் பார்த்து மோதினார் பாங்கு சொல்லுகிறார். அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன, அவற்றைச் சரிபார்ப்பவர் எவர் என்று நாம் கேட்பதில்லை. காலத்தைத் துல்லியமாகக் காத்து வந்தவர்களின் வரலாற்றைச் சிறிது நோக்கினால், அந்தக் கேள்வியை மறந்தது எத்துணைப் பெரிய இழப்பு என்பது விளங்கும்.

பள்ளிவாசலில் ஓர் உத்தியோகம்

13-ஆம் நூற்றாண்டில், மம்லூக்கியர் ஆட்சியில், எகிப்தின் பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்றொரு பதவி தோன்றிற்று. நேரங்காப்பவர் என்பது இதன் பொருள். பாங்கு சொல்பவரின் வேலை வேறு, முவக்கித்தின் வேலை வேறு. முன்னவருக்குக் குரல் வேண்டும். பின்னவருக்குக் கணிதம் வேண்டும். டமாஸ்கஸ் நகரத்து உமய்யாப் பள்ளிவாசலின் தலைமை முவக்கித்தாக விளங்கிய இப்னு ஷாத்திர் (1304–1375) இவ்வரிசையில் தலையாயவர். 1371-இல் அவர் பளிங்குப் பலகையில் செதுக்கிய சூரிய கடிகாரம் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உடையது. அதன் உடைந்த பகுதிகள் டமாஸ்கஸ் அரும்பொருட்காட்சியகத்தைச் சேர்ந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்து அச்சாகச் செதுக்கப்பட்ட படி மினாராவில் இடம் பெற்றது. சந்திரனின் இயக்கத்திற்கு அவர் வகுத்த கணித அமைப்பே ஏறத்தாழ இருநூறாண்டுகளுக்குப் பின் கோப்பர்நிக்கஸின் நூலிலும் காணப்படுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு.

இஸ்தான்புல்லில் 1577-இல் வானாராய்ச்சிக் கூடம் அமைத்த தகியுத்தீன், விண்மீன்களைக் குறிக்க விநாடி காட்டும் பொறிக் கடிகாரத்தைக் கையாண்டார். அக்கூடம் 1580-இல் இடிக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் விட்டுச் சென்ற பாடம் ஒன்றுண்டு: கருவியை நம்பாதே, கருவியை வானத்தோடு ஒப்பிடு, வேறுபாட்டை எழுதி வை. பின்வந்த துல்லியம் அனைத்தும் இந்த மூன்றின் மீதே எழுந்தது.

எழும்பூரில் ஒருவரின் ஆசை

தமிழகத்தின் காலக் கணக்கு அரசாணையால் தொடங்கியதன்று; ஒரு தனி மனிதரின் பொழுதுபோக்கால் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் சென்னை எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாராய்ச்சிக் கூடம் கட்டினார். தொலைநோக்கிகளும், வானியல் கடிகாரங்கள் இரண்டும், விண்மீன்கள் உச்சியைக் கடப்பதைக் காணும் கருவியொன்றும் அதில் இருந்தன. 1789-இல் அவர் தாயகம் திரும்பியபோது அவற்றைக் கம்பெனியிடம் விட்டுச் சென்றார். 1792-இல் மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் புதிய கூடம் அமைத்தார். அதன் நடுவே நிறுத்தப்பட்ட கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்துப் பொறிக்கப்பட்டுள்ளது.

கம்பெனிக்கு இதில் என்ன நாட்டம் என்று கேட்கலாம். கடலில் செல்லும் கப்பலுக்குத் தீர்க்கரேகை அறியக் காலமே அளவுகோல். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். நம் அட்சரேகையில் கடிகாரம் ஒரு நிமிடம் பிழைத்தால் கப்பல் தன் இருப்பிடத்தை 27 கிலோமீட்டர் தவறாகக் கணிக்கும். சோழமண்டலக் கரையில் அந்தப் பிழை மரக்கலத்தையே விழுங்கிவிடும்.

கூடத்தின் வானியலாளரான ஜான் கோல்டிங்காம் 1802-இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, கிரீன்விச்சைவிடச் சென்னை நேரம் 5 மணி 21 நிமிடம் முந்தியது என்று நிறுவினார். ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கும் பீரங்கிகளின் ஒளி கண்ணுக்குப் பட்டதற்கும் ஓசை செவியில் விழுந்ததற்கும் இடைப்பட்ட விநாடிகளை எண்ணி, ஒலியின் வேகத்தையும் அவர் கண்டறிந்தார்.

இக்கூடத்தின் முதல் உதவியாளராகப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். பஞ்சாங்கக் கணக்கை வானத்தில் காணும் நிலையோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதாடியவர் அவர். முவக்கித்துகள் சொன்னதும் அதுவே அன்றோ?

இரயிலோடு வந்த நேரம்

1862-இல் சென்னை இரயில்வேயின் இருப்புப்பாதை போத்தனூர் வரை எட்டியது. அப்பாதையில்தான் திருப்பூர் நிலையமும் இருக்கிறது. அதுவரை ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் உச்சிப்பொழுதே நண்பகல். இரயிலுக்கோ வழி நெடுக ஒரே நேரம் தேவைப்பட்டது. பம்பாயின் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முன். கல்கத்தாவின் நேரம் 5 மணி 53 நிமிடம் முன். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சென்னை நேரத்தை இரயில்வேக்கள் 1870-இல் பொது நேரமாக ஏற்றன. நுங்கம்பாக்கத்துக் கடிகாரத்தின் துடிப்பு நாள்தோறும் தந்திக் கம்பி வழியே நிலையங்களுக்குச் சென்றது.

1906 ஜனவரி 1-ஆம் நாள் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகைக்குரிய நேரம் அது. கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முன். சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. சென்னையில் இது எளிதாக முடிந்தது. பம்பாயிலோ 39 நிமிடம் தள்ள வேண்டியிருந்தது. அத்தனை நிமிடம் முன்னதாக வேலைக்கு வரவேண்டுமே என்று அந்த ஜனவரியிலேயே பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கிளர்ந்தெழுந்தனர். கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் பழைய நேரத்தை முற்றாகக் கைவிடவில்லை. நெசவும் பின்னலும் பிழைப்பாகக் கொண்டோர்க்கு நேரம் என்பது கூலியின் மறுபெயர். குலாம் காதர் அவர்கள் 1925-இல் பின்னலாடைத் தொழிலைத் திருப்பூரில் தொடங்கியது முதல், ‘ஷிப்டு’ என்ற சொல் இவ்வட்டாரத்தில் கூலிக்கும் காலத்துக்கும் பொதுவான அளவாகி வந்திருப்பதைப் பார்த்தால் இது புரியும்.

ஊசல் முதல் அணு வரை

கடிகாரம் எவ்வாறு பிழைக்கிறது? விநாடிக்கு ஒருமுறை துடிக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99.4 சென்டிமீட்டர். அது ஒரு மில்லிமீட்டர் நீண்டால் நாளொன்றுக்கு 43 விநாடி பின்தங்கும். எஃகுத் தண்டு வெயிலில் 10 பாகை சூடேறினால், கண்ணுக்குத் தெரியாத அந்த நீட்சியே நாளொன்றுக்கு 5 விநாடியைத் தின்றுவிடும். இதனாலன்றோ பித்தளையும் எஃகும் மாறிமாறி அமைந்த ஊசல்களையும், பாதரசக் குடுவை தாங்கிய ஊசல்களையும் கைவினைஞர்கள் உருவாக்கினர்!

அத்தகைய கைவினைஞர்களுள் ஒருவர் இலண்டனைச் சேர்ந்த ஜான் ஷெல்டன். அவர் செய்த கடிகாரம் ஒன்று 1769-இல் வெள்ளிக் கோள் கதிரவனைக் கடப்பதைக் காணக் கேப்டன் குக்குடன் தாகித்தித் தீவுக்குச் சென்றது. அதன் உடன்பிறப்பான மற்றொன்று சென்னைக் கூடத்தின் தொடக்க காலக் கருவிகளுள் ஒன்றாயிற்று. 1899-இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு மாறியது. 1931 வரை சென்னையில் நேரம் காக்கும் வேலை மட்டும் நடந்தது. அந்த ஷெல்டன் கடிகாரம் இப்போது கொடைக்கானலில் பேணப்பட்டு வருகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பொறி தங்குவதற்கு உலோகம் மட்டும் காரணமன்று. தலைமுறை தலைமுறையாக அதற்குச் சாவி கொடுத்து, எண்ணெய் மாற்றி, அதன் பிழையைக் குறித்து வைத்த கைகளும் காரணம்.

1927-இல் அமெரிக்காவில் படிகக் கல் கடிகாரம் பிறந்தது. மின்னூட்டினால் சீராக அதிரும் குவார்ட்சு, ஊசலின் இடத்தைப் பிடித்தது. நம் கைக்கடிகாரத்துப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. 1955-இல் இங்கிலாந்தில் லூயி எஸ்ஸென், ஜாக் பாரி இருவரும் சீசியம் அணுவைக் கடிகாரமாக்கினர். 1967-இல் விநாடியின் இலக்கணமே மாறிற்று: சீசியம் அணுவின் 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகளின் காலமே ஒரு விநாடி. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு விநாடி பிழைக்கும் இத்தகைய கடிகாரங்களைக் கொண்டே புதுடில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இந்திய நேரத்தைக் காக்கிறது. முன்னாளில் அக்கூடம் 5, 10, 15 மெகாஹெர்ட்சு அலைகளில் ‘ஏ.டி.ஏ.’ என்ற அழைப்புக் குறியுடன் நேரத்தை வானொலியில் பரப்பியும் வந்தது. சொந்தமாக வானொலிக் கருவி வைத்திருந்தோர் அதைக் கேட்டுத் தம் அதிர்விகளை, இரு நரம்புகளைச் சுருதி சேர்ப்பது போல் ஒத்துக் கொள்ள முடிந்தது. அந்த ஒலிபரப்பு இன்று இல்லை. அந்த இடத்தைச் செயற்கைக்கோள்கள் சுமந்து செல்லும் அணுக் கடிகாரங்கள் நிரப்பிவிட்டன.

பழங்கருவிகளைப் பேணுவோர்

பெட்ரியின் ஆசை அவரோடு மாயவில்லை. தொலைபேசி நிலையங்களும் ஆய்வுக்கூடங்களும் கழித்துவிட்ட பழைய குவார்ட்சு, ரூபிடியம், சீசியம் அதிர்விகளை வாங்கி, பழுது நீக்கி, வீட்டில் ஓடவிடும் அன்பர்கள் உலகின் பல நாடுகளில் உள்ளனர். இவர்கள் பணி எளிதன்று. குவார்ட்சுப் படிகத்தை ஒரே வெப்பத்தில் வைக்கும் சிறு அடுப்பை அணைத்துவிட்டால், மீண்டும் நிலைபெறப் பல நாட்கள் ஆகும். மின்வழங்கியில் பல்லாண்டு இருந்த மின்தேக்கிகள் உலர்ந்து போகும். அவற்றை மாற்ற வேண்டும். குவார்ட்சும் ரூபிடியமும் வயதாக ஆகச் சிறிது சிறிதாக நடை மாறும். சீசியக் குழாயிலோ சரக்குத் தீர்ந்ததும் ஆயுள் முடிந்துவிடும்.

இரண்டு அதிர்விகளை இவர்கள் ஒப்பிடும் முறை அழகானது. விநாடிக்கு ஒரு கோடி முறை அதிரும் இரு மின்னலைகளை அலைகாட்டியின் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக இடுவர். 100 விநாடியில் ஓர் அலை மற்றதை ஒருமுறை கடந்து நகர்ந்தால், வேறுபாடு 100 கோடியில் ஒரு பங்கு. ஆனால் பிழை இரண்டில் எதனுடையது? அதை அறிய மூன்றாவது ஒன்று வேண்டும். ஆகவே மூன்றை வைத்துக் கொண்டு, நாள்தோறும் வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதுவர். மாலுமிகளும் இதைத்தான் செய்தனர். நாளுக்கு 3 விநாடி மாறாமல் பின்தங்கும் கடிகாரத்தை அவர்கள் பொன்னாகப் போற்றினர். ஒரு நாள் சரியாகவும் மறுநாள் 2 விநாடி முந்தியும் ஓடுவதை ஒதுக்கினர். பிழையற்ற கடிகாரம் உலகில் இல்லை. பிழை இன்னதென்று அறியப்பட்ட கடிகாரமே நல்ல கடிகாரம்.

அருள்புரத்தின் நண்பகல்

இவ்வளவும் நமக்கு எதற்கு என்பார்க்கு ஒரு கணக்குச் சொல்வோம். திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரம், கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகைக்குச் சற்று மேல் இருக்கிறது. திட்ட நேரத்தின் ரேகைக்கு ஏறத்தாழ 5 பாகை மேற்கே. ஆகவே இங்குச் சராசரி நண்பகல் 12 மணிக்கு அன்று, 12.20-க்குப் பின்னரே. கதிரவனின் ஓட்டமும் ஆண்டு முழுதும் சீரன்று; பிப்ரவரி நடுவில் உச்சி 12.35 அளவிலும், நவம்பர் தொடக்கத்தில் 12.04 அளவிலும் நிகழும்.

சென்னைக்கும் அருள்புரத்துக்கும் தீர்க்கரேகையால் மட்டும் வரும் வேறுபாடு ஏறத்தாழ 12 நிமிடம். கதிரவன் மறைவில் பருவத்துக்கேற்ப அது சிறிது கூடும், குறையும். சென்னைக்கு அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து இங்கே நோன்பு திறப்பவர், கதிரவன் வானில் நிற்கும்போதே பேரீச்சம்பழத்தை வாயிலிட்டவராவார். பிழைப்புத் தேடி வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த வட்டாரத்தில், சொந்த ஊர் அட்டவணையும் உடன் வந்துவிடுவது இயல்பு. அஸர் நேரத்தில் மத்ஹபு வேறுபாடும் சேருகிறது: உச்சி நிழல் போக, பொருளின் நிழல் அதன் ஒரு மடங்கு ஆகும்போது என்பது ஷாஃபிகள் கொள்கை, இரு மடங்கு ஆகும்போது என்பது ஹனஃபிகள் கொள்கை. மின்பலகையில் ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒருமுறை தவறாகப் பதிந்தால், ஐந்து நேரமும் ஆண்டு முழுதும் தவறும். பலகை மட்டும் பழுதின்றி ஒளிரும்.

திருத்தும் வழி கடினமன்று. சமதரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குறுகும் கணத்தைக் குறித்தால் ஊரின் உச்சி கிடைத்துவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும், ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் இவ்வட்டாரத்தில் கதிரவன் நேர் தலைக்கு மேல் வருவதால் அந்நாளில் உச்சி நிழலே இராது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டத் தக்க காட்சி அது. அணுக் கடிகாரத்தின் நேரம் இன்று கைத்தொலைபேசி வழியே எவர்க்கும் எட்டுகிறது. அதையும் நிழலையும் சுவர்ப் பலகையையும் வாரம் ஒருமுறை ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தேதியிட்டு எழுத ஒரு குறிப்பேடு போதும். ஒவ்வொரு மஹல்லாவிலும் கணிதம் பயிலும் இளைஞர் ஒருவர் அக்குறிப்பேட்டுக்குப் பொறுப்பேற்பாராயின், டமாஸ்கஸில் இருந்த பதவி நம் ஊரிலும் உயிர்பெறும். அதற்குப் பளிங்குப் பலகை வேண்டாம். ஒரு குச்சியும், ஒரு பேனாவும், பிழையை மறைக்காமல் எழுதும் நேர்மையும் வேண்டும்.