துரையின் பைக்கிலிருந்து குரூசர் வரை: வாங்க முன் ஒரு சின்ன வரலாறு

 

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சேர், ஒரு குரூசர் வந்திருக்கு. விராகோ. ஹேண்டில், டேங்க் எல்லாம் மாத்தி சூப்பரா செஞ்சிருக்காங்க. ஓபன் பேப்பர்தான். எடுக்கலாமா?" மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதை வரலாறு படிப்பிக்கும் எங்களிடம் ஏன் கேட்கிறார்களோ தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே நிறைய வரலாறு இருப்பதால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எமது மலைக்கு மோட்டார் சைக்கிள் வந்தது துரைமாரோடு. ரயில் 1924இல் பதுளையோடு நின்றுவிட்டது. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கமெல்லாம் பாதைதான். ஒரு காலத்தில் கிழக்குக் கரையிலிருந்து எமது முன்னோர் தவளம் கட்டி, மாட்டின் முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றி வந்த மலை இது. தோட்டத்தில் பெரிய துரைக்குக் கார், சின்னத் துரைக்கு மோட்டார் சைக்கிள். பி.எஸ்.ஏ., நோர்ட்டன், டிரையம்ப் என்று எல்லாம் இங்கிலாந்துச் சாமான். மலையில் கொழுந்து எடுத்த பெண்கள் அந்தச் சத்தத்தை வைத்தே துரை எந்த வளைவில் வருகிறார் என்று சொல்லிவிடுவார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தோடு வெள்ளைக்காரக் கம்பனிகள் போயின, பைக்குகள் தங்கின. கிளாக்கர், டீ மேக்கர், டவுன் கடை முதலாளி என்று கைமாறின. அது இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்ட காலம். உதிரிப்பாகம் கிடையாது. ஒன்றின் டேங்க், இன்னொன்றின் போர்க், லேத்தில் கடைந்த புஷ் என்று பூட்டி ஓட்டினார்கள். இன்றைக்கு இளைஞர்கள் காசு கொடுத்துச் செய்கிற 'கஸ்டம்' வேலையை அன்றைய கராஜ்காரர்கள் வேறு வழியில்லாமல் செய்தார்கள். 1977க்குப் பிறகு கதவு திறந்தது, ஹொண்டா வந்தது. ஜப்பானில் தபால்காரர் ஓட்டிக் கழித்த சிவப்பு எம்.டி. 90 எமது மேட்டுப் பாதைகளில் இரண்டாவது ஆயுள் வாழ்ந்தது.

சரி, குரூசர்? அதன் கதையும் பழைய பைக்கில்தான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பழைய ஹார்லிகளை மலிவாக வாங்கி, பாரத்தைக் குறைக்க மட்காட்டை வெட்டினார்கள். 'பொபர்' என்ற பெயர் அப்படி வந்தது. பிறகு போர்க்கை நீட்டி, பிரேமை அறுத்து ஒட்டி 'சொப்பர்' ஆக்கினார்கள். 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' படம் அந்த உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தப் படத்தில் ஓடியவையே ஏலத்தில் எடுத்த பழைய பொலிஸ் ஹார்லிகள்தான். அவற்றைச் செய்துகொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் பென் ஹார்டி, கிளிஃப் வோஸ் என்ற இரு கறுப்பினத்தவர்கள். படத்தில் அவர்கள் பெயர் போடப்படவில்லை. உலகமே அந்த பைக்கைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தது, செய்த கைகளைப் பல வருடம் யாரும் விசாரிக்கவில்லை. தேயிலையைக் குடிப்பவனுக்குக் கொழுந்து எடுத்தவள் பெயர் தெரியாத மாதிரி.

பையன்கள் வீட்டில் வெட்டி ஒட்டியதைக் கம்பனிகள் பிறகு தாங்களே செய்து விற்றன. 1971இல் ஹார்லியின் 'சுப்பர் கிளைட்', 1976இல் கவாசாகியின் 'எல்.டி.டி.', 1981இல் யமஹாவின் 'விராகோ', 1985இல் ஹொண்டாவின் 'ரெபல்'. 250 சி.சி. விராகோ 1988இல் வந்தது. ஜப்பானில் 250 சி.சி. வரைக்குமான பைக்குகளுக்கு 'ஷாகென்' என்ற கட்டாயப் பரிசோதனை இல்லை. அதனால் அங்கே அந்த அளவில் நிறைய விற்றார்கள். அவற்றில் ஒரு பங்குதான் பாவித்த பைக்காகக் கப்பலேறி எங்களிடம் வந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். பைக்கின் உருவத்தை எத்தனை தடவையும் மாற்றலாம். அதைச் சட்டத்தில் அடையாளம் காட்டுவது இலக்கங்கள். இந்த நாட்டில் நம்பர் பிளேட் சும்மா தகரமாக இருந்ததில்லை. ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வந்தபோது 1958இல் அந்த ஒரு எழுத்தை வைத்து வடக்கிலும் மலையகத்திலும் தார் பூசிப் போராட்டம் நடந்தது, உயிர்களும் போயின. அதன் பிறகு வெறும் இலக்கங்கள், பிறகு திரும்பவும் ஆங்கில எழுத்துகள், எமக்கு 'யூ.பி.' என்ற ஊவா அடையாளம். பிளேட்டைப் பார்த்தே பைக்கின் வயதை ஓரளவுக்குச் சொல்லலாம். வயதான நம்பரில் இளமையான பிரேம் நின்றால் அங்கே சந்தேகப்படுங்கள். பழைய பைக்கின் புத்தகத்தை வைத்துக்கொண்டு, உதிரிப்பாகமாக வந்த வேறு பிரேமையும் எஞ்சினையும் அதே நம்பரில் ஓட்டும் வியாபாரம் இந்த நாட்டில் புதியதல்ல.

அடுத்தது ஓபன் பேப்பர். விற்றவர் கையெழுத்து வைத்திருப்பார், வாங்கியவர் பெயரும் திகதியும் வெறுமையாக இருக்கும். அப்படியே நாலு கை மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் பழைய சொந்தக்காரர்தான் இன்னும் சொந்தக்காரர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. நடுவில் பாவித்த பைக்கின் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். பலர் பேப்பர் பார்க்காமல் அவசரத்தில் எடுத்தார்கள்.

2022இல் பெட்ரோலுக்கு கியூ.ஆர். வந்தது. மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 4 லீட்டர். பதிய வாகன நம்பரும் செசி நம்பரும் கேட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, லயத்துப் பிள்ளை, கொழும்பில் கடையில் நின்று சேர்த்த காசில் ஒரு குரூசர் எடுத்திருந்தான். அந்த நம்பரை வேறு யாரோ ஏற்கெனவே பதிந்திருந்தார்கள். புத்தகத்தில் இருந்த பெயர்க்காரரைத் தேடிப் போனால் அவர் மௌத்தாகி இரண்டு வருடம். பிள்ளைகள் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார்கள். பைக் இன்னமும் அவன் வீட்டு இஸ்தோப்பில் சாக்கு மூடி நிற்கிறது. அதில் போனது அவன் தங்கையின் படிப்புக்கென்று அம்மா ஒதுக்கி வைத்திருந்த காசும்தான். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் சூரா பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆகவே, எடுக்கவே கூடாதா? எடுங்கள். ஆசைப்படுவதில் குற்றமில்லை, அழகான சாமான்தான். ஆனால் புத்தகத்தில் பெயருள்ளவரை நேரில் பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால் அது நீங்கும் வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள். எஞ்சினோ நிறமோ மாறியிருந்தால் அந்த மாற்றம் திணைக்களத்தில் பதியப்பட்டதா என்று கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது டவுனுக்குள் சுற்றிவிட்டு வராதீர்கள். பசறைப் பாதையில் கொஞ்சம் ஏறி இறங்குங்கள். குரூசர் நேரான நெடுஞ்சாலைக்குப் பிறந்தது. போர்க் நீட்டியிருந்தால் கொண்டை ஊசி வளைவில் எதிர்ப் பக்கத்தை எடுக்காமல் திரும்பாது, எதிரே பஸ் வந்தால் யோசித்துப் பாருங்கள். பெரகலையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்குகிற மாதிரி நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் பிடிக்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிக் கைவிடும்.

கடைசியாக ஒரு வேலை. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, பிரேமின் கழுத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். செசி நம்பர் பெரும்பாலும் அங்கேதான் குத்தியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் தடிப்பாக இருந்தால், அல்லது இலக்கங்கள் ஒரே வரிசையில் நிற்காவிட்டால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு சலாம் சொல்லி வந்துவிடுங்கள்.