நூற்றுக்கு எட்டணா

மளிகைக் கடையில் கொடுக்கும் ரசீதை நம்மில் பெரும்பாலோர் படிப்பதில்லை. கீழே உள்ள மொத்தத் தொகையைப் பார்ப்போம், பணத்தைக் கொடுப்போம், ரசீதைக் கசக்கிப் பைக்குள் போடுவோம். அந்தத் துண்டுக் காகிதத்தின் கடைசி இரண்டு மூன்று வரிகளில் ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். மத்திய சர்க்காருக்கு இவ்வளவு, மாநில சர்க்காருக்கு இவ்வளவு என்று அச்சாகியிருக்கும் அந்தச் சில்லறைக் காசுகளின் பூர்வோத்தரத்தைத் தேடிக்கொண்டு போனால், கடைசியில் நாம் போய் நிற்பது சேலம் ஜில்லாவில் பூட்டிக் கிடந்த கள்ளுக்கடையின் வாசலில்!

1937-ம் வருஷம் ஜூலை மாதம் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். மாகாணத்தின் முதல் மந்திரியை அந்நாளில் அப்படித்தான் அழைப்பார்கள். அதே வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. அடுத்த இரண்டு வருஷங்களில் அது சித்தூர், கடப்பை, வட ஆற்காடு ஜில்லாக்களுக்கும் பரவியது. எத்தனையோ குடிசைகளில் அடுப்பு ஒழுங்காக எரிய ஆரம்பித்தது.

ஆனால் கோட்டையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களுக்கு வேறொரு கவலை. மாகாணத்தின் வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அப்காரி வருமானம். அதாவது, குடிப்பவர்கள் கொடுத்த பணம். கள்ளுக்கடையை மூடுவதற்கு ஒரு பூட்டு போதும். மூடிய பிறகு பள்ளிக்கூட வாத்தியாருக்கு எதிலிருந்து சம்பளம் கொடுப்பது? ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்குவது எப்படி? வருமான வரியும் துறைமுகத் தீர்வையும் மத்திய சர்க்காருக்குச் சொந்தம். நில வரியை ஏற்றலாமென்றால், விலை வீழ்ச்சியில் அடிபட்டு அப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருந்த குடியானவன் தாங்கமாட்டான்.

அந்தச் சமயத்தில் கண்ணில் பட்டது 1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தில் இருந்த ஒரு சிறு வாசகம். சரக்கு விற்பனையின்மீது வரி போடும் அதிகாரத்தை அது மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. 1938-ல் மத்திய மாகாணம் அதைப் பயன்படுத்திப் பெட்ரோலுக்கு வரி போட்டது. சென்னை அதையும் தாண்டிப் போயிற்று. பெட்ரோல் என்ன, புளி என்ன, பித்தளைக் குடம் என்ன, பொதுவாக விற்பனை என்றாலே வரி உண்டு என்று 1939-ம் வருஷத்து 9-வது சட்டம் பிறந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரி என்பது அதுதான் முதல் தடவை.

வரி என்னவோ மிகவும் சொற்பம். வருஷத்தில் 10,000 ரூபாய்க்குக் குறைவாக வியாபாரம் செய்கிறவருக்கு வரியே கிடையாது. 20,000 ரூபாய் வரையில் மாதம் 5 ரூபாய். அதற்கு மேலே போனால் அரை சதவிகிதம். 100 ரூபாய்க்கு 8 அணா. "எட்டணாதானே!" என்று தோன்றும். வியாபாரிகளுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் பலமாக எதிர்த்தார்கள். இன்று எட்டணா கேட்பவர்கள் நாளைக்கு எட்டு ரூபாய் கேட்க மாட்டார்கள் என்பது என்ன நிச்சயம்? அவர்களுடைய பயம் வீண் போகவில்லை என்பதை ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

இதில் வியாபாரியின் லாப நஷ்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அப்காரி வருமானத்தைக் கொடுத்தவன் குடிகாரன். விற்பனை வரியைக் கொடுப்பவர் யார்? ஜன்மத்தில் கள்ளின் வாடையே அறியாத கிழவியும் எண்ணெய் வாங்கினால் கொடுத்தாக வேண்டும். ஒருவன் குடியை விட்டதற்கு ஊரார் எல்லாரும் கூடி அபராதம் கட்டுவதா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலும் உண்டு. கள்ளுக்கடையில் அழிந்த பணம் இப்போது அரிசிக்கும் துணிக்கும் வருகிறது. அப்படி மிச்சமான ரூபாயில் ஓர் அணுவளவைச் சர்க்கார் எடுத்துக்கொண்டால், அந்தக் குடும்பத்துக்கு லாபமே தவிர நஷ்டமில்லை. பரிமாற்றம் நியாயமானதுதான். ஆனால் ஒரு நிபந்தனை: கள்ளுக்கடை மூடியே இருக்க வேண்டும்.

பழைய சரித்திரத்திலும் இந்த மாதிரி நிபந்தனைகள் நிலைத்ததில்லை. ரோமாபுரியில் உள்நாட்டு யுத்தங்கள் ஓய்ந்த பிறகு, அகஸ்டஸ் சக்கரவர்த்தி ஏலத்தில் விற்கும் பொருள்களுக்கு நூற்றில் ஒரு பங்கு வரி வைத்தார். ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு மானியம் கொடுக்க அது உதவும் என்றார்கள். அகஸ்டஸ் காலமான மறு வருஷமே ஜனங்கள் வரியை எடுத்துவிடும்படி முறையிட்டார்கள். ராணுவப் பொக்கிஷமே இதை நம்பித்தான் இருக்கிறது என்று டைபீரியஸ் கையை விரித்துவிட்டார். பிறகு புதிதாக ஒரு தேசம் ராஜ்யத்தில் சேர்ந்து வருமானம் பெருகியபோது வரியைப் பாதியாகக் குறைத்தார். 200-ல் 1 பங்கு! சென்னையின் எட்டணாவும் அதே அரை சதவிகிதம்தான்.

நம்முடைய நாட்டில் முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம். சுங்கம் என்பது சரக்கு போகிற வழியிலும் துறையிலும் நிறுத்தி வாங்குவது; விற்பனை வரியோடு அதைச் சேர்க்கக் கூடாது. ஆனாலும் ஒரு வரியை எடுத்த அரசனை 900 வருஷமாக ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்றால், அது எவ்வளவு அபூர்வமான காரியமாக இருந்திருக்க வேண்டும்!

மறுபடியும் சென்னைக்கு வருவோம். 1939 அக்டோபர் கடைசியில், யுத்தப் பிரச்னையில் மந்திரி சபை ராஜிநாமா செய்தது. ஆட்சி கவர்னரின் கைக்குப் போயிற்று. யுத்த காலத்திலேயே மதுவிலக்கு கைவிடப்பட்டது. பூட்டிய கடைகள் திறந்தன. எந்தக் காரணத்துக்காக வரி வந்ததோ அந்தக் காரணம் போய்விட்டது. வரி போயிற்றா? போகவில்லை. 1948 அக்டோபர் 2-ந் தேதி முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. இதற்கிடையில் வரி, ரூபாய்க்கு 3 தம்பிடியாக உயர்ந்துவிட்டது. அதாவது, ரூபாய்க்குக் காலணா.

இந்தக் காலணாக் கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். ஒரு ரூபாய்க்கு 64 காலணா. ஆகவே 64 ரூபாய்க்கு வாங்கினால் 1 ரூபாய் வரி. சுலபமான கணக்குத்தான். ஆனால் அன்றைய வரியில் ஒரு சூட்சுமம் இருந்தது. சரக்கு எத்தனை கை மாறுகிறதோ அத்தனை தடவையும் வரி உண்டு. பட்டறைக்காரர் ஒரு பித்தளைக் குடத்தை 8 ரூபாய்க்கு மொத்த வியாபாரியிடம் விற்கிறார். வரி 2 அணா. மொத்த வியாபாரி 9 ரூபாய்க்குக் கடைக்காரரிடம் விற்கிறார். வரி 2¼ அணா. கடைக்காரர் 10 ரூபாய்க்கு நமக்கு விற்கிறார். வரி 2½ அணா. நம் கண்ணுக்குத் தெரிவது கடைசி இரண்டரை அணா மட்டும். குடத்துக்குள்ளே இருப்பதோ மொத்தம் 6¾ அணா. முன்னே கட்டிய வரியும் விலையோடு சேர்ந்துகொண்டு, அதன்மேலும் வரி ஏறும். குடத்தை எத்தனை தடவை புளி போட்டுத் தேய்த்தாலும் இந்தக் கறை தெரியாது!

1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. அணாக்களும் தம்பிடிகளும் விடைபெற ஆரம்பித்தன. 1959-ல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்து, பொது வரி நூற்றுக்கு 2 என்று ஆயிற்று. சில சரக்குகளுக்கு ஒரே ஒரு தடவைதான் வரி என்றும் ஏற்பாடு செய்தார்கள்.

ஓட்டலில் சாப்பிடுவது விற்பனையா என்று ஒரு வழக்கு வந்தது. விருந்தாளிக்கு இலை போடுவது போன்ற உபசாரம் அது, சரக்கு விற்பனை அல்ல என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. இட்லி தப்பியது என்று யாராவது சந்தோஷப்பட்டிருந்தால் அது நீடிக்கவில்லை. 1982-ம் வருஷத்து 46-வது திருத்தம் அரசியல் சட்டத்தையே மாற்றி, இட்லியை மறுபடியும் வரிக்குள் கொண்டு வந்தது. வாசலில் தடுத்தால் கொல்லைப்புறமாக வருவது வரியின் சுபாவம்.

குடத்துக்குள் ஒளிந்திருந்த வரியை வெளியே கொண்டு வரும் உபாயத்தைப் பிரான்ஸ் தேசம் 1954-லேயே கண்டுபிடித்தது. மோரிஸ் லோரே என்ற வரி அதிகாரியின் யோசனை அது. ஒவ்வொரு கையிலும் வரி வாங்கலாம். ஆனால் முந்தின கையில் கட்டியதைக் கழித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக்கு இந்த முறை 2007 ஜனவரி 1-ந் தேதி வந்தது. 2017 ஜூலை 1-ந் தேதி முதல் சரக்கு சேவை வரி என்ற பெயரில் நாடு முழுவதற்கும் ஒரே முறையாயிற்று.

அதே குடத்தை எடுத்துக்கொள்வோம். இப்போது விலை நூறு மடங்கு. வரி 5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டறைக்காரர் 800 ரூபாய்க்கு விற்று 40 ரூபாய் வரி வாங்கிக் கட்டுகிறார். மொத்த வியாபாரி 900-க்கு விற்று 45 ரூபாய் வாங்குகிறார். முன்பு கொடுத்த 40-ஐக் கழித்துக்கொண்டு 5 ரூபாய் கட்டுகிறார். கடைக்காரர் நம்மிடம் 1,000-மும் வரி 50-ம் வாங்கி, 45-ஐக் கழித்துக்கொண்டு 5 ரூபாய் கட்டுகிறார். 40, 5, 5, ஆக 50. ரசீதில் 25 ரூபாய் மத்திய சர்க்காருக்கு, 25 ரூபாய் மாநிலத்துக்கு என்று இருக்கும். நடுவில் இருக்கும் மூவரும் வரியைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பவர்கள். கைப் பணம் போடுவது நாம்தான்.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் பெரும்பாலான பொருள்கள் 5 அல்லது 18 என்ற இரண்டு படிகளுக்குள் வந்துவிட்டன. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், குளிக்கிற சோப்பு, பற்பசை எல்லாம் 18-லிருந்து 5-க்கு இறங்கின. மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் அரிசிக்கு வரி இல்லை. அதையே 10 கிலோப் பையில் அடைத்துப் பெயரும் எடையும் அச்சிட்டு விற்றால் 5.

குடும்பம் நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலை என்பது எல்லா வரியும் உட்பட்ட விலை. அதற்கு மேலே வரி என்று தனியாகக் கேட்கக் கூடாது. அந்த விலைக்குள் வரி எவ்வளவு என்று பார்க்க, 5 சதவிகிதப் பொருளானால் விலையை 21-ஆல் வகுத்தால் போதும். 105 ரூபாய் எண்ணெயில் 5 ரூபாய் வரி. 18 சதவிகிதப் பொருளானால் 118-ல் 18. அல்லது 59-ல் 9. கடைக்காரர் 5,900 ரூபாய் என்று சொல்லும் மிக்ஸியில் வரி 900 ரூபாய். 5,900-க்கு 18 சதவிகிதம் போட்டு 1,062 என்று சொல்பவர்கள் வரிக்கும் சேர்த்து வரி போடுகிறார்கள்.

இனி அந்த நிபந்தனைக்கு வருவோம். கள்ளுக்கடை மூடியிருக்கிறதா? 1971-ல் திறந்தார்கள்; 1974-ல் மூடினார்கள்; 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் மது வாணிபத்துக்கென்று மாநில சர்க்காரே டாஸ்மாக்கை ஏற்படுத்தியது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அதுவே நடத்துகிறது. குடியை நிறுத்தியதற்கு ஈடாக வந்த வரியையும் கொடுக்கிறோம், குடியும் நிற்கவில்லை. ஒரே கடனை இரண்டு தடவை தீர்க்கிற குடும்பத்தைப் போல் இருக்கிறது நம்முடைய நிலைமை.

இன்னும் ஒரு விசித்திரம். புதிய வரி வந்தபோது சோப்பும் குடமும் மிக்ஸியும் அதற்குள் போய்விட்டன. மாநிலம் தன் இஷ்டப்படி போடக் கூடிய பழைய விற்பனை வரி சில பொருள்களில் மட்டும் மிஞ்சியது. அவற்றில் முக்கியமானவை பெட்ரோல், டீஸல், மதுபானம். 1938-ல் பெட்ரோலில் தொடங்கி, 1939-ல் கள்ளின் வருமானத்தை ஈடுகட்ட வந்த வரி, இவ்வளவு காலம் ஊர் சுற்றிவிட்டுக் கடைசியில் பெட்ரோலிடமும் மதுவிடமுமே திரும்பி வந்து குடியிருக்கிறது.

வரி கொடுக்காமல் ராஜ்யம் நடக்காது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டுமென்றால் காசு வேண்டும். ஆனால் இன்ன காரணத்துக்காக என்று சொல்லி வாங்கிய வரியை, அந்தக் காரணம் போன பிறகும் யாரும் தாமாகத் திருப்பித் தருவதில்லை. கொடுக்கிறவர்கள்தாம் கணக்கை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது ரசீதைக் கசக்குவதற்கு முன்னால் கடைசி வரிகளை ஒரு முறை படியுங்கள். 21-ஆல் வகுத்தும் பாருங்கள்.