மறைந்திருக்கும் காரணம்: மனநோயும் காவிரிக் கரையின் மரபும்

காவிரிப் படுகையில் மனநோயின் வரலாற்றை எழுதப் புகுவோர் வழிபாட்டிடங்களைத் தவிர்க்க இயலாது. சித்தம் கலங்கியோரைச் சுற்றத்தார் நாகூர் தர்காவுக்கு அழைத்து வந்து தங்கவைப்பதும், திருச்சியை அடுத்த குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் வைத்திருப்பதும் நெடுங்கால வழக்கம். 'இந்நோய் ஏன் வந்தது?' என்ற வினாவே அவர்களை அங்கு இட்டுச் சென்றது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூளையையே தாக்குவதும் ஒரு காரணம் என்பது அவ்வினாவுக்கு இன்றைய மருத்துவம் கண்டுள்ள விடைகளுள் ஒன்று.

16ஆம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்களைப் பற்றி ஒரு மரபுச் செய்தி வழங்குகிறது. தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பரைத் தீராத நோய் வாட்டியது. ஊசிகள் குத்தப்பட்ட புறா ஒன்று அரண்மனையில் மறைத்து வைக்கப்பட்டிருந்ததை ஆண்டகை அவர்கள் கண்டறிந்து ஊசிகளைக் களைந்தார்கள். மன்னர் நலமடைந்தார் என்பது அச்செய்தி. இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்பது வேறு வினா. இங்கே கருதத்தக்கது அதன் உட்கிடை. நோயாளியின் மீது பழி சுமத்தப்படவில்லை. காரணம் மறைந்திருக்கிறது, தேடினால் அகப்படும், களைந்தால் நோய் நீங்கும் என்பதே அது.

அரபு மருத்துவ நூலோர் இக்காரணத்தை உடலுக்குள் தேடினர். அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு ஹி. 322 / கி.பி. 934) 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில், காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் அறியாது வரும் துயரத்தையும் பிரித்துக் காட்டினார். பின்னதற்கு இரத்தத்தின் மாசு முதலிய உடற்காரணங்களைக் கூறி, உடல் மருத்துவத்தையும் பரிந்துரைத்தார். கைரவானின் இஸ்ஹாக் இப்னு இம்ரான் 'மாலிகூலியா' பற்றித் தனிநூலே இயற்றினார். அது 11ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்றது. எனினும் இன்றைய அறிவியலை அவர்கள் அன்றே உரைத்துவிட்டதாகப் பெருமை பேசுவது முறையன்று. அவர்கள் குறித்த இரத்தம் நால்வகை உடல்நீர்க் கொள்கையைச் சார்ந்தது. மனம் கலங்கியவரின் உடலையும் ஆராய வேண்டும் என்ற நெறியே அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற செல்வம்.

உடல் தனக்கே பகையாகாது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் கருதினார். லூபஸ், தைராய்டு அழற்சி முதலிய நோய்கள் அவ்வாறு பகையாவதும் உண்டு எனப் பின்னர் மெய்ப்பித்தன. 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் டால்மாவ் குழுவினர் 12 பெண்களின் நோயை விளக்கினர். பிரமை, திடீர் நடத்தை மாற்றம், வலிப்பு, நினைவிழப்பு என அது முற்றியது. பெரும்பாலோருக்குச் சூலகத்தில் கட்டி இருந்தது. அக்கட்டிக்கு எதிராக எழுந்த ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதம், மூளை நரம்பணுக்களில் செய்தியை ஏற்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளையும் தாக்கியிருந்தது. கட்டியே இல்லாத ஆண்களுக்கும் சிறுவர்க்கும் இந்நோய் வருவது பின்னர் தெரிந்தது. 577 நோயாளிகளைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் முதலியவற்றால் சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் ஈராண்டுகளில் நலம்பெற்றனர். சிகிச்சை விரைந்து தொடங்கினால் பயன் மிகுதி என்பதையும் அவ்வாய்வு உறுதிசெய்தது.

மனச்சோர்வு முதலிய மனநிலைக் கோளாறுகளிலும் இத்தொடர்பு ஆராயப்படுகிறது. டென்மார்க்கில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவின்படி, தன்னெதிர்ப்பு நோய்க்காக மருத்துவமனையை நாடியவர்களுக்கு அக்கோளாறுகள் வரும் வாய்ப்பு 45 விழுக்காடு கூடுதல். ஆயினும் மனநோய் அனைத்தும் இவ்வகையினதே என்று கொள்வது பிழை. மனச்சிதைவுற்றோருள் மிகப் பெரும்பாலோரிடம் மேற்கூறிய புரதம் காணப்படுவதில்லை. அவர்களுக்கு மனநல மருத்துவமே உரியது.

சிறுபான்மையினர்க்கே பொருந்தும் இச்செய்தி நம் சமுதாயத்திற்கு இன்றியமையாததாவது ஏன்? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களுள் எவருக்கு எந்நோய் இருந்தது என்பதை இனி எவரும் ஆராய இயலாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்தது. ஏர்வாடியில் 'தவா–துவா' என்னும் பெயரில், மருந்தையும் பிரார்த்தனையையும் இணைக்கும் அரசுத் திட்டமும் வந்தது.

இத்தகைய இணைப்பு தஞ்சைக்குப் புதிதன்று. இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) நிறுவிய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி, மேலை மருத்துவம் ஆகியவற்றின் வல்லுநர்கள் ஒருங்கே பணியாற்றினர். இன்று ஜமாஅத்தாரும் ஆலிம்களும் அறிந்திருக்க வேண்டியது இதுவே: இதுவரை நலமாயிருந்த ஒருவர் காய்ச்சல், தலைவலியைத் தொடர்ந்து சில நாட்களிலோ வாரங்களிலோ மனம் பிறழ்ந்தால், அதனோடு வலிப்போ, வாயிலும் கையிலும் இயல்பற்ற அசைவுகளோ தோன்றினால், நரம்பியல் மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்ல வேண்டும். இரத்தத்தையும் தண்டுவட நீரையும் சோதித்தால் காரணம் புலப்படக்கூடும். துஆவை எவ்விடத்திலும் கேட்கலாம். நேர்ச்சையைப் பின்னரும் நிறைவேற்றலாம். சிகிச்சைக்குரிய நாட்களோ கடந்தால் மீளா.