தாரகன்: ஒரு படைத்தலைவனின் பெயர் வந்த வழி

முருகன் அசுரரோடு மூன்றிடங்களில் பொருதான் என்பது நம் மரபு. திருப்பரங்குன்றத்தில் நிலத்தில், திருச்செந்தூரில் கடலில், திருப்போரூரில் விண்ணில். செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்கு வடக்கே, பழைய மாமல்லபுரம் சாலையோரம் அமைந்த அந்தத் திருப்போரூரின் வானத்தில் வேலவனை எதிர்த்து நின்றவன் அசுர அரசன் சூரபன்மன் அல்லன். அவன் தம்பியும் படைத்தலைவனுமாகிய தாரகன். விண்வெளிச் சாகச இயங்குபடங்களில் கொடுங்கோலனுக்கு முன்பாக அவன் தளபதி வந்து மோதுவதை இன்றைய சிறுவர்கள் விழி அகலப் பார்க்கிறார்கள். அந்தப் பாத்திரத்துக்கு நம் மண்ணில் நெடுங்காலமாகவே பெயரும் முகமும் உண்டு. முகம் யானைமுகம், பெயர் தாரகன். சொல்லின் சுவையறிந்த நீங்கள் உடன் வந்தால், அப்பெயரை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் ஊர்ப்பெயர். ‘பொரு’ என்னும் வினையடி முதல் நீண்டு ‘போர்’ ஆயிற்று. பெறு பேறானதும் படு பாடானதும் இவ்வழியே. பொருநன், பொருகளம் எல்லாம் அதே குடும்பம். போர் நிகழ்ந்த ஊர் போரூர் என்று தலமரபு சொல்லும். சமராபுரி, யுத்தபுரி என்று வழங்கும் மற்றப் பெயர்கள் அந்தப் போரையே வடமொழியில் சொல்பவை. ஆனால் இவற்றோடு நில்லாமல் இவ்வூருக்குத் தாருகாபுரி என்றும் ஒரு பெயர் உண்டு. போரைச் சொல்லாமல் பகைவனைச் சொல்லும் பெயர் இது. வென்றவன் கோயில் கொண்டிருக்கும் ஊர், தோற்றவன் பெயரையும் சுமந்து நிற்கிறது.

தாரகன் மாண்ட ஊர் தாரகபுரியாக அல்லவா இருக்க வேண்டும்? ரகரத்தின் மேல் ஓர் உகரம் ஏறியது எப்படி? இங்கேதான் இரண்டு அசுரர்கள் ஒரே பெயருக்குள் நுழைகிறார்கள். தாருகன் என்பவன் காளியின் பகைவன். அவன் மார்பைக் கிழித்த பெண்ணைச் சிலப்பதிகாரம் அறியும். கேரளத்து முடியேற்றில் அவன் தாரிகன் என்ற பெயரோடு இன்றும் காளியை எதிர்த்து ஆடுகிறான். தாரகன் என்பவன் குமரனின் பகைவன். வடமொழியில் இவ்விரு பெயர்களுக்கும் முதலொலியே வேறு. முன்னது மரத்தைக் குறிக்கும் ‘தாரு’ என்னும் சொல்லின் மெல்லொலித் தகரத்தில் தொடங்குவது. தேவதாருவிலும் தாருகாவனத்திலும் கேட்பது அந்த ஒலியே. பின்னது வல்லொலித் தகரத்தில் தொடங்குவது. தமிழுக்கு வந்தபோது இரண்டும் ஒரே ‘தா’வை ஏற்றன. எஞ்சியிருந்த வேறுபாடு நடுவிலிருந்த ஓர் உகரம் மட்டுமே. பேச்சு வழக்கில் அதுவும் தேய்ந்து, தாரகனும் தாருகனும் ஒருவராயினர். தாருகாபுரி என்ற பெயர் அந்தக் கலப்பின் கல்வெட்டுப் போல நிற்கிறது.

இனித் தாரக என்னும் சொல்லுக்குள் இறங்குவோம். கடத்தலையும் கரையேறுதலையும் குறிக்கும் வடமொழி வேரொன்று இதற்கு அடி. கடக்கச் செய்வது தாரகம். பிறவிக்கடலைக் கடக்கச் செய்யும் பிரணவத்துக்கு அதனால் தாரகம் என்று பெயர். இறங்கிக் கடக்கும் நீர்த்துறை தீர்த்தம். மேலிருந்து கீழிறங்கி வருவது அவதாரம். இவை யாவும் அந்த வேரின் மக்களே. குமரன் அவதரித்தது தாரகனை அழிக்க என்று காவியங்கள் சொல்லும்போது, அழிக்க வந்தவனின் வருகைக்கும் அழியப்போகிறவனின் பெயருக்கும் வேர் ஒன்றாக இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

இதனோடு ஒலியால் வந்து கூடியது ‘தாரா’ என்னும் மற்றொரு சொல். அது விண்மீனின் பெயர். பாரசீகத்துச் சித்தாராவுக்கும் ஆங்கிலத்து ஸ்டாருக்கும் தொலைவில் உறவு. மீன், விண்மீன், வெள்ளி எனத் தமிழுக்குத் தன் சொற்களே நிறைய உண்டு. ஆயினும் இச்சொல்லைத் தாரகை என்று ஐகாரமிட்டுத் தமிழ் தன் வீட்டுப் பெண்ணாக்கிக்கொண்டது. பாடல்களில் வானத்தில் இருந்த தாரகை, பின்னர்த் திரைத்தாரகையாகி நிலத்துக்கும் வந்தாள். தாரகம், தாரகை, தாரகன்: ஈறு மாற மாற ஒரே ஒலி மந்திரமாகிறது, மீனாகிறது, அசுரனாகிறது. விண்ணில் பொருது வீழ்ந்தவனுக்கு விண்மீனை நினைவூட்டும் பெயர் வாய்த்ததும், அவன் வீழ்ந்த ஊரின் குன்று பிரணவமலை என்றே அழைக்கப்படுவதும் சொல்லை நேசிப்பவரை நெடுநேரம் நிறுத்தி வைக்கும்.

தமிழ்க்காது இப்பெயரில் வேறொன்றும் கேட்கும். ‘தார்’ நமக்கு மாலை; அதுவே முன்னணிப்படையும் ஆகும். தும்பைத் திணையில் தார்நிலை என ஒரு துறையே உண்டு. படையின் முகப்பில் நின்று முதலில் மடிந்தவனுக்குத் தாரகன் எத்தனை பொருத்தம்! ஆனால் பொருத்தம் வேராகிவிடாது. ஒலி ஒத்ததனாலேயே உறவு கொண்டாடாமல், அயற்சொல்லை அயற்சொல் என்று ஒப்புவதும் மொழிப்பற்றின் கடமைதான்.

இப்பெயரின் வரலாற்றில் மிகச் சுவையானது அதன் பதவி மாற்றம். காளிதாசனின் குமாரசம்பவத்தில் தாரகன்தான் முதற்பகை; அவன் கொடுமை தாளாமல்தான் தேவர்கள் பிரமனிடம் முறையிடுகிறார்கள். காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணத்திலோ அவன் மூவரில் இளையவன். மூத்தவன் சூரபன்மன், இரண்டாமவன் சிங்கமுகன். தலமரபு காட்டும் போரூரில் அன்றி, கிரவுஞ்ச மலையருகே மாயாபுரியை ஆண்டு, முருகனின் படைத்தலைவன் வீரபாகுவையும் உடன்வந்தோரையும் அம்மலையின் மாயத்தில் சிக்கவைத்து, ‘தாரகன் வதைப் படல’த்தோடு அவன் முடிகிறான். காவியம் அதன்பின்தான் பெரிய போருக்கே போகிறது.

வடக்கே தலைவனாக இருந்தவன் தெற்கே தளபதியானது ஏன்? இங்கே அரியணை ஏற்கெனவே நிறைந்திருந்தது. சங்கப் பாடல்களில் முருகன் தடிந்த பகை ‘சூர்’. அச்சம், வருத்தும் தெய்வம் என்ற பொருள்களை உடைய அந்த ஓரசைச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்: நீண்ட ஊகாரம் ரகரத்தில் முடியும்போது ஒரு நடுக்கம் தங்கும். பிற்காலத்தில், வீரனைக் குறிக்கும் வடசொல் ‘சூரன்’ இதனோடு இழைந்து சூரபன்மன் பிறந்தான். தாரகன் என்று வந்த பெயரைத் தமிழ் புறந்தள்ளவில்லை. தன் சூரை அரசனாக வைத்து, தாரகனை அவன் தம்பியாக்கிப் படையை ஒப்படைத்தது. இரு மரபுகள் சந்தித்த கதை இந்த உடன்பிறப்பு வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

திருப்போரூர்ப் பக்கத்துக் கடற்கரையில் முருக வழிபாடு எத்தனை பழையது என்பதற்கு மண்ணும் சான்று தந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட கல்வெட்டுகளைத் தொடர்ந்து, இந்தியத் தொல்லியல் துறை 2005இல் அகழ்ந்தபோது செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. அதன் முன் கல்லில் செய்த வேலும் இருந்தது. அங்கிருந்து அருகேதான் திருப்போரூர். அங்கே 17ஆம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் பனைமரத்தடியில் கந்தனைக் கண்டு கோயில் எழுப்பி, சந்நிதிமுறை பாடினார் என்பது தலவரலாறு.

இன்று தாரகன் என்ற பெயர் எங்கே வழங்குகிறது? சூரசம்காரத் திருவிழாவில் ஆளுயரத்தையும் மிஞ்சிய சூரன் பொம்மைக்கு முதலில் யானைத்தலை பொருத்துவார்கள். வேல் பட்டதும் அது கழலும், சிங்கத்தலை ஏறும், அதுவும் கழன்றபின் சூரன் தன் தலையோடு வருவான். அந்த முதல் தலையைக் கூட்டம் ‘யானைமுகச் சூரன்’ என்றோ ‘கஜமுகன்’ என்றோ அழைக்கிறது. உருவம் பெயரை விழுங்கிவிட்டது. அண்ணனின் பெயர் தம்பிக்கும் பட்டமாகிவிட்டது. விநாயகர் அடக்கிய கயமுகன் வேறு என்பதும் இந்த வழக்கில் மறைந்துபோகிறது.

தாரகன் பெயரை இழப்பது ஓர் அசுரனை மறப்பதோடு முடியாது. தாரகத்தையும் தாரகையையும் பிணைத்த கண்ணி, தாரகனும் தாருகனும் கலந்த இடம், சூர் அரியணையில் அமர்ந்த வரலாறு எல்லாம் அந்த ஒரு பெயரில் அடங்கியுள்ளன. ஆகவே அடுத்த கந்தசஷ்டியில் யானைத்தலை ஏறும்போது, பக்கத்தில் நிற்கும் குழந்தை “இது யாரு?” என்று கேட்டால், “தாரகன், சூரபன்மனின் தம்பி, அவன் படைத்தலைவன்” என்று பெயர் சொல்லியே விடை கூறுங்கள்.